எருக்கஞ்செடிக்கு ஒரு வக்காலத்து
(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை வரும், 'வெற்றி நிச்சயம்' வரும், வேலைவாய்ப்புக் கட்டுரை வரும். நான் வண்ணத்துப்பூச்சியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று மலர்க்குழுவில் சொன்னதும், "டேய், மெக்கானிக்கல்காரன் பூச்சியப் பத்தி எழுதறதா? ஐ.சி. என்ஜினப் பத்தி எழுதுடா" என்றார் ஒரு அண்ணன். அவருக்குப் பதில் இந்தக் கட்டுரையின் நடுவில் இருக்கிறது. அதற்கு முன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் மாணவர் பேரவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது அனைவருக்கும் நினைவிருக்கும். ஒர்க்ஷாப்புக்குப் பின்னால், கம்ப்ரஸர் ரூம் தொடங்கி காம்பவுண்டு சுவர் வரை புதர் மண்டிக் கிடக்கும் காலி இடத்தை ஜே.சி.பி. வைத்து மட்டம் பண்ணி, செம்மண் கொட்டி, புல் பதித்து, ஓரத்தில் குரோட்டன்ஸ் வைத்து, நடுவில் சிமெண்டில் ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி சிலை செய்து, அதற்கு 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்று பெயர் வைப்பது. நல்ல எண்ணம்தான். ஒரே ஒரு சிக்கல். அந்தக் காலி இடம் இப்போதே வண்ணத்துப்பூச்சிப் பூங்காதான்! மட்டம் பண்ணினால் சிலை மட்டும்தான் மிஞ்சும்.

பூங்காவில் என்ன இருக்கிறது?

திருச்சி ஸ்ரீரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கரில் வனத்துறை ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை 2015-ல் திறந்தது. இன்று அங்கே 100-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன. யாரும் அவற்றைக் கூடையில் பிடித்துக் கொண்டுவந்து விடவில்லை. எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி வேண்டும் என்று பார்த்து, அந்தச் செடிகளை வளர்த்தார்கள். வண்ணத்துப்பூச்சிகள் தாமாக வந்து சேர்ந்தன.

நமக்குப் பக்கத்தில் இருப்பது கிண்டி. திருவாலங்காட்டில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்தால் கிண்டி. கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் கட்டடமும் டிராஃபிக்கும். ஆனாலும் அங்கே 60-க்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் இருப்பதாகக் கணக்கு. போகிறவர்கள் மானைப் பார்ப்பார்கள், பக்கத்தில் பாம்புப் பண்ணையைப் பார்ப்பார்கள். வண்ணத்துப்பூச்சிகளைத் தாங்குவதோ, யாரும் நின்று பார்க்காத முள் புதர்கள். அந்தக் காட்டில் காட்டு எலுமிச்சை மாதிரி எலுமிச்சைக் குடும்பத்துப் புதர்கள் உண்டு. அதனால்தான் கருப்பும் வெள்ளையுமான பெரிய 'அழகி' வகைகள் அங்கே திரிகின்றன. அந்தப் புதரைக் 'குப்பை' என்று சுத்தம் செய்திருந்தால் அழகியும் போயிருப்பாள்.

ஆக, ரோஜா வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்பது பாதி உண்மைதான். வளர்ந்த பூச்சி தேனுக்கு எந்தப் பூவுக்கும் போகும். அது நம்மைப் போல. எந்தக் கடையிலும் டீ குடிக்கும். முட்டை போட மட்டும் அதற்குக் குறிப்பிட்ட செடி வேண்டும். ஏனென்றால் முட்டையிலிருந்து வரும் புழு அந்த ஒரு செடியை, அல்லது அதன் சொந்தக்காரச் செடிகளை மட்டுமே தின்னும். வேறு இலையை வாயில் வைக்காது, பட்டினி கிடந்து சாகும். அம்பாசடர் ஸ்பேர் பார்ட் மாருதிக்குப் பொருந்துமா? அந்தக் கதைதான்.

தாய்ப்பூச்சி செடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? கண்ணால் தேடும், வாசனை பார்க்கும், கடைசியில் இலைமேல் உட்கார்ந்து காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். அதற்கு நாக்கு காலில் இருக்கிறது! முன்னங்காலில் உள்ள உணர்விகள் இலையின் ரசாயனத்தை ருசி பார்த்து 'இதுதான்' என்று சொன்ன பிறகே முட்டை.

எருக்கு

நம் பின்புறத்தில் அதிகம் இருப்பது எருக்கு. இருபது, இருபத்தைந்து செடி இருக்கும். பிள்ளையார் சதுர்த்தி அன்று மட்டும் அதற்கு மரியாதை. மற்ற நாளில் அது களை.

எருக்க இலையைக் கிள்ளினால் பால் வரும். கண்ணில் பட்டால் ஆபத்து என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். அந்தப் பாலில் இருப்பது இதயத்தைத் தாக்கக்கூடிய ஒருவகை நஞ்சு. ஆடு மாடு தொடாது. ஆனால் பிளெயின் டைகர் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுவே விருந்து. தமிழில் இதற்கு 'வெந்தய வரியன்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெந்தயக் கலரில் இறக்கை, ஓரத்தில் கருப்புப் பட்டை, அதில் வெள்ளைப் புள்ளி. நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். கேன்டீன் வாசல் வரை வரும்.

அந்தப் புழு கருப்பு, மஞ்சள், வெள்ளை வளையம் வளையமாக, முதுகில் மூன்று ஜோடி கொம்போடு இருக்கும். எருக்கம்பாலின் நஞ்சை அது செரித்துவிடாமல் உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியானாலும் நஞ்சு அப்படியே தொடர்கிறது. ஒரு குருவி தெரியாமல் கொத்தினால் குமட்டி வாந்தி எடுக்கும். அப்புறம் அந்தக் கலரைப் பார்த்தாலே ஒதுங்கும். அதனால்தான் வெந்தய வரியன் அவசரமே இல்லாமல், சம்பளம் வாங்கிய ஆள் கடைத்தெருவில் நடப்பது மாதிரி மெதுவாகப் பறக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. அதே இடத்தில் வெந்தய வரியன் மாதிரியே இன்னொன்றும் பறக்கும். பெயர் டனைட் எக்ஃப்ளை. அதில் ஆண் முழுக் கருப்பு, பெரிய வெள்ளை வட்டங்கள், வட்டத்தைச் சுற்றி ஊதா மின்னும். பெண்ணோ அச்சு அசல் வெந்தய வரியன்! இதன் புழு தின்பது பருப்புக்கீரை போன்ற செடிகளை. உடம்பில் எருக்கின் நஞ்சு கிடையாது. ஆனால் குருவிக்கு அது தெரியாது. கலரைப் பார்த்துப் பயந்து போய்விடும். பரீட்சை எழுதாமல் பக்கத்து ஆள் ஹால்டிக்கெட்டில் பாஸ் ஆவது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வெந்தய வரியனின் பின்னிறக்கை நடுவில் சில கருப்புப் புள்ளிகள் உண்டு. எக்ஃப்ளை பெண்ணுக்கு முன்விளிம்பில் ஒரு கருப்புப் புள்ளிதான் தெளிவாகத் தெரியும். பறக்கும்போது பார்க்க முடியாது, உட்காரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த வேஷத்தை முதலில் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். அண்ணனுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இவர்தான். பேட்ஸ் பெரிய படிப்பு படித்தவர் அல்ல. 13 வயதில் லெஸ்டர் நகரத்தில் காலுறை வியாபாரி ஒருவரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். நாளெல்லாம் வேலை, இரவில் அந்த ஊர் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் படிப்பு. மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்பது தொழிலாளிகள் படிப்பதற்காக அந்தக் காலத்தில் ஏற்படுத்திய நிறுவனம். நம் பாலிடெக்னிக்குகளுக்குத் தாத்தா முறை. 1844 வாக்கில் அவருக்கு அதே ஊரில் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற நண்பர் கிடைத்தார். வாலஸ் அதற்கு முன் சர்வே வேலை பார்த்தவர். சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர், அதாவது நம் சிவில் பிரிவு! இருவரும் சேர்ந்து 1848-ல் அமேசான் காட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். பேட்ஸ் அங்கேயே 11 ஆண்டு இருந்தார். நஞ்சுள்ள பூச்சியின் வேஷத்தை நஞ்சில்லாத பூச்சி போட்டுப் பிழைப்பதைப் பற்றி 1862-ல் கட்டுரை வெளியிட்டார். இன்றும் அதற்குப் பேட்ஸ் பெயர்தான். வாலஸ் கதை உங்களுக்கே தெரியும். டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே வாலஸ்.

ஆடு தின்னாத செடி

காம்பவுண்டு சுவரோரம் தரையோடு படர்ந்து, இதய வடிவ இலையும் கருஞ்சிவப்பில் குழல் மாதிரி பூவும் உள்ள ஒரு கொடி இருக்கிறது. இலையை மொபைலில் படம் எடுத்துப் போய் வீட்டில் ஆயாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் படிப்பு என்று ஆரம்பித்தது என்னோடுதான். ஆயாவுக்குக் கைநாட்டு. ஆனால் நாற்பது வருஷம் ஆடு மேய்த்தவர். பார்த்த உடனே சொன்னார்:

"இது ஆடுதின்னாப்பாளடா நைனா. பேரே சொல்லுதே, ஆடு தின்னாது. மோந்து பாத்துட்டு அப்பால போயிடும்."

நூலகத்தில் இருந்த தாவரவியல் புத்தகத்தில் தேடி அரிஸ்டலோக்கியா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆடு ஏன் தின்னாது என்பதற்கும் புத்தகம் விடை சொன்னது. அரிஸ்டலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு அதில் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். ஆயா சொன்ன பேரில் விஷயம் முழுக்க இருக்கிறது, காரணம் மட்டும்தான் புத்தகத்தில்.

இந்த ஆடுதின்னாப்பாளையிலும், இதே குடும்பத்து ஈசுவரமூலியிலும்தான் ரோஜா வகை வண்ணத்துப்பூச்சிகள் இரண்டு முட்டையிடும். ஒன்று காமன் ரோஸ், இன்னொன்று கிரிம்ஸன் ரோஸ். இரண்டுக்கும் உடம்பு சிவப்பு, இறக்கை கருப்பு. உடம்பே சிவப்பு விளக்கு, 'நில்! நஞ்சு!' என்று அர்த்தம்.

இந்த இரண்டுக்கும் வேஷம் போடுவது கறிவேப்பிலை அழகி. ஆங்கிலத்தில் காமன் மார்மன். பெயருக்கேற்ப கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தையில் வளரும். இதில் ஆண் ஒரே மாதிரி: கருப்பு, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண் மூன்று விதம். ஒரு விதம் ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு விதம் காமன் ரோஸ் மாதிரி. மூன்றாவது கிரிம்ஸன் ரோஸ் மாதிரி. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வேறு வேறு விதப் பெண்கள் வரலாம். உடம்பை மட்டும் சிவப்பாக்கத் தெரியவில்லை, அது கருப்பாகவே இருக்கும். ஆளைப் பிடிக்க அதுதான் அடையாளம்.

இந்த விஷயத்தை வாலஸ் 1865-லேயே எழுதிவிட்டார். எப்படி என்பதற்கு விடை வர 2014 ஆக வேண்டியிருந்தது. நம் நாட்டுக்காரர் கிருஷ்ணமேக் குண்டேயும் அவர் குழுவினரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 'டபுள்செக்ஸ்' என்று ஒரே ஒரு மரபணு. பூச்சிகளில் ஆண் பெண் வளர்ச்சியைத் தீர்மானிக்கிற அந்த மரபணுதான் இந்த இறக்கை வேஷத்தையும் மாற்றுகிறதாம். ஒரு ஸ்விட்சில் முழுப் பேனலும் மாறுகிற மாதிரி. எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்.

கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் வீட்டுத் தோட்டத்தில் வளர்பவை. சின்னப் புழு பார்க்கக் காக்கா எச்சம் மாதிரியே இருக்கும். யாரும் தின்ன நினைக்காத வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி இரண்டு நீட்டும், ஒரு நாற்றம் வரும். எலுமிச்சைச் செடியில் மருந்தடிப்பவர்கள் இந்தப் புழுவுக்காகத்தான் அடிக்கிறார்கள். பெரிய செடிக்கு நாலு புழுவால் ஒன்றும் ஆகாது. கன்றாக இருந்தால் கையால் எடுத்து வேறு பெரிய செடியில் விடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கொஞ்சம் மெக்கானிக்கல்

இதுவரை படித்த மெக்கானிக்கல் நண்பர்களுக்காக.

வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் ஒரே குழாய் அல்ல. இரண்டு அரைக் குழாய்கள். கூட்டிலிருந்து வெளியே வரும்போது இரண்டும் தனித்தனியாக இருக்கும். வந்த உடனே பூச்சி அவற்றை அசைத்து அசைத்து ஒன்று சேர்க்கும். ஓரத்தில் உள்ள நுண்ணிய கொக்கிகள் பேண்ட் ஜிப் மாதிரி மாட்டிக்கொண்டு ஒரே குழாயாகும். அந்த நேரத்தில் சரியாக அசெம்பிள் ஆகவில்லை என்றால் பூச்சிக்குச் சாப்பாடு கிடையாது. ரீ-வொர்க் வாய்ப்பே இல்லை.

இறக்கை வெளியே வரும்போது ஈரத் துணி மாதிரிச் சுருங்கி இருக்கும். உடம்புத் திரவத்தை நரம்புகளுக்குள் பம்ப் செய்து அதை விரிக்கிறது. சுத்தமான ஹைட்ராலிக்ஸ். விரிந்து காய்ந்து விறைப்பான பிறகுதான் பறக்கும். இந்த ஒன்றிரண்டு மணி நேரம் அதற்கு ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. காலையில் எருக்க இலைக்குக் கீழே இறக்கை தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் இருக்கும் வெந்தய வரியனைப் பார்த்தால் தொடாமல் வந்துவிடுங்கள்.

கையில் ஒட்டும் பவுடர் இருக்கிறதே, அது பவுடர் இல்லை. செதில். ஓட்டு வீட்டில் ஓடு வேய்ந்த மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கும். நம் லேப் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. சில கலர்கள் சாயம். சில கலர்கள் சாயமே இல்லை! ஆண் புளூ பான்ஸியின் நீலம் அப்படி. செதிலின் மெல்லிய படலத்தில் பட்டு ஒளி பிரதிபலிப்பதால் வரும் நீலம் அது. மழை நாளில் ரோட்டில் சிந்திய டீசல் வானவில் கலர் காட்டுமே, அதே பௌதிகம்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். வெர்னியர் காலிபர் கையில் இருப்பவர்களுக்கு இது பிடிக்கும். இந்தியாவின் பெரிய வண்ணத்துப்பூச்சி என்று 1932-லிருந்து சதர்ன் பேர்ட்விங்தான் பெயர் வாங்கியிருந்தது, 190 மில்லிமீட்டர். 2020-ல் உத்தரகண்டில் கிடைத்த கோல்டன் பேர்ட்விங் பெண் 194 மில்லிமீட்டர். நாலே மில்லிமீட்டரில் 88 வருஷ ரெக்கார்டு போயிற்று. நம் காலி இடத்தில் இருப்பது எதிர்க் கோடி. கிராஸ் ஜுவல் என்று ஒன்று, இறக்கை விரித்தாலே 2 சென்டிமீட்டர் தேறாது. குனிந்து தேள்கொடுக்குச் செடிப் பக்கம் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் ஊர் ஆலமரம்

என் ஊர் திருவாலங்காடு. நடராசரின் ரத்தின சபை உள்ள ஊர், காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த ஊர் என்று பக்தர்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயரிலேயே ஆலங்காடு இருக்கிறது. தல விருட்சமும் ஆல்தான். ஆலிலை தின்று வளரும் வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. காமன் குரோ, தமிழில் வெண்புள்ளிக் கருப்பன். ஆல் மட்டுமல்ல, அத்தி, அரளி, நன்னாரியும் தின்னும். அதன் கூட்டுப்புழு கண்ணாடி மாதிரி வெள்ளியாகப் பளபளக்கும். குரோம் பிளேட்டிங் பண்ணி இலையில் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் உயிருள்ளது என்று நம்ப மாட்டார்கள்.

ஊரைச் சுற்றிக் கரும்பும் நெல்லும். அங்கே பொழுது சாய்ந்த பிறகு தத்தித் தத்திப் பறப்பது ஈவினிங் பிரவுன். புல், நெல் இலையில் வளரும். மழைக் காலத்தில் பிறந்தால் இறக்கையின் அடியில் கண் கண்ணாக வட்டங்கள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்தால் வட்டம் மறைந்து அப்படியே காய்ந்த சருகு. புல் பச்சையாக இருக்கும்போது ஒரு சட்டை, காய்ந்தபோது ஒரு சட்டை.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர் வாக்கில், தலைக்குமேல் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக ஒரே திசையில் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? புளூ டைகர், டார்க் புளூ டைகர், வெண்புள்ளிக் கருப்பன் வகைகள் அவை. கிழக்கு மலைத்தொடர், சமவெளிப் பக்கமிருந்து மேற்கு மலைத்தொடருக்கு இந்த மாதங்களில் போகும். தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஏப்ரல் தொடங்கி, அங்கிருந்து இந்தப் பக்கம் வரும். ஒரு ரூபாய் நாணயம் எடைகூட இல்லாத உடம்பு!

இந்த நீலக் கூட்டம் நம் காலி இடத்தில் இறங்கி ஓய்வெடுக்கும். கிலுகிலுப்பைச் செடி காய்ந்து கருகியிருந்தால் ஈ மொய்ப்பது மாதிரி மொய்க்கும். பூ இல்லாத செத்த செடியில் என்ன வேலை? அந்தச் செடியில் உள்ள ஆல்கலாய்டை ஆண் பூச்சிகள் உறிஞ்சிச் சேர்த்து, பெண்ணைக் கவரும் வாசனையாக மாற்றிக்கொள்கின்றன. நம் பசங்க சென்ட் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் போவதற்கு முன்னாலேயே இது நடக்கிறது. ஆகவே 'காய்ந்த செடிதானே' என்று பிடுங்குவதும் நஷ்டம்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஆவாரையிலும் சரக்கொன்றையிலும் வெளிர்மஞ்சள் எமிகிரண்டுகள். ஆமணக்கில் காஸ்டர். வேப்பமரத்தில் ஏறியிருக்கும் புல்லுருவியில் ஜெஸபெல். மேலே வெள்ளை, அடியில் மஞ்சளும் சிவப்பும். வலைப்பின்னலுக்குள் சின்னப் பழம் காய்க்கும் சிறுபூனைக்காலியில் டானி காஸ்டர். இது செங்கல் கலரில் சாதாரணமாக இருக்கும், ஆனால் சாதாரணம் இல்லை. இந்தியா, இலங்கைப் பக்கத்துப் பூச்சி தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவிப் பரவி 2012-ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. பாஸ்போர்ட் இல்லாமல்!

நம் மாநிலத்துக்கென்று ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2019-ல் அரசு அறிவித்தது: தமிழ் மறவன். அது மேற்கு மலைத்தொடர்ப் பக்கம்தான். நம் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் அது வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பேரவைக்கு என் கோரிக்கை

தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை. பாம்பு வரும் என்று ஹாஸ்டல் நண்பர்கள் பயப்படுவது நியாயம்தான். அதற்கு வழி இருக்கிறது.

பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கலாம். அதனால் நமக்கு அரிப்பும் தும்மலும்தான் மிச்சம். கம்ப்ரஸர் ரூம் பக்கமுள்ள இரும்புக் கழிவையும் உடைந்த டெஸ்க்கையும் அகற்றலாம். பாம்பு தங்குவது அதற்கு அடியில்தான். நடக்க ஒரு பாதை விட்டு, பாதை ஓரம் மட்டும் புல் வெட்டலாம். எருக்கு வரிசை, காம்பவுண்டு ஓரத்து ஆடுதின்னாப்பாளை, மூலையில் உள்ள ஆவாரை, கிலுகிலுப்பை, வேலியில் படர்ந்த சிறுபூனைக்காலி ஆகியவற்றைத் தொடக்கூடாது. இவற்றை மீண்டும் வாங்கி வைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.  குரோட்டன்ஸ் வாங்க ஒதுக்கிய பணத்தில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாரத்தையும் வாங்கலாம். அவை கேன்டீனுக்கும் உதவும். மருந்து மட்டும் அடிக்கக்கூடாது. பாதையின் கடைசியில் குழாய்த் தண்ணீர் கசிகிற இடத்தைச் சிமெண்ட் பூசாமல் அப்படியே விட்டால், ஈர மண்ணில் உப்புச்சத்து உறிஞ்ச ஆண் பூச்சிகள் கூட்டமாக உட்காரும். படம் எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

சிலையும் வைக்கலாம். அதற்கு வெந்தயக் கலர் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆட்டோமொபைல் பிரிவில் ஸ்பிரே கன் இருக்கிறது.

முட்டையிலிருந்து இறக்கை வரை வெந்தய வரியனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இதில் கூட்டுப்புழுவாகத் தொங்குவது பத்து நாள் போல. அந்தப் பத்து நாளும் அது இடம் மாற முடியாது. இந்தக் கட்டுரையை மலர்க்குழுவில் கொடுக்கும் இன்று காலை பார்த்தபோது எருக்கு வரிசையில் ஆறு கூட்டுப்புழுக்கள் தொங்குகின்றன. இரண்டு பச்சை, நான்கு இளஞ்சிவப்பு. அந்தச் செடிகளின் தண்டில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன். ஜே.சி.பி. வரும் நாளைப் பேரவைச் செயலாளர் முன்கூட்டி நோட்டீஸ் போர்டில் போட்டால், அன்று காலை ஏழு மணிக்கே வந்து டிரைவர் அண்ணனுக்கு எந்தச் செடி எது என்று காட்ட நானும், என்னுடன் சனிக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றும் சிவில் நண்பர்கள் இருவரும் தயார்.